அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரிப்பேர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்.சி., பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் முடிந்ததற்குப் படிவம் 35, வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்றம் என்று காகித சமாச்சாரம் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டியைப் பற்றி அந்த முழுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள் என்று.

அந்தத் தெரிந்த மெக்கானிக் நான்தான். பாளையங்கோட்டையில் பல வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரி நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று உங்கள் வாசகர்கள் தெரிந்துகொண்டால் அவர்களுக்குப் பணம் மிச்சமாகும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும். “அண்ணாச்சி, ஒரு வண்டி பார்த்திருக்கேன், ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லுங்க.” போய்ச் சேர்ந்தால் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் கலர் பார்த்துச் சரி சொல்லியாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று நாளும் குறித்தாகிவிட்டது. வண்டியோ அன்று மத்தியானம்தான் வாட்டர் சர்வீஸ் முடிந்து, டேஷ்போர்டு பாலிஷ் மினுமினுக்க, எஞ்சின் சூடாக நின்றுகொண்டிருக்கும். எனக்குக் கிடைப்பது பத்து நிமிஷமும் ஒரு டீயும். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: “வண்டி நல்லா இருக்கா அண்ணாச்சி?”

இதற்கு என்ன பதில் சொல்வது? பத்து வருஷம் ஓடிய காரில் எல்லாமே நன்றாகவும் இருக்காது, எல்லாமே கெட்டும் போயிருக்காது. அட்வான்ஸ் கொடுத்தவரிடம் வேண்டாம் என்று சொன்னால் அவர் முகம் வாடும். நல்ல வண்டி என்று சொன்னால் ஆறு மாசம் கழித்து கிளட்ச் போகும்போது என் பெயர் வாடும். கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இந்த வண்டியில் என்னென்ன வேலை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும், எதை உடனே செய்ய வேண்டும், எது ஒரு வருஷம் தாங்கும்? இதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதன் கூட்டுத்தொகையைக் கன்சல்டிங்காரர், அதாவது பழைய வண்டி விற்பவர், சொல்லும் விலையோடு சேர்த்தால் வருவதுதான் அந்தக் காரின் உண்மையான விலை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என்னிடம் வழக்கமாக வரும் ஆசிரியர் ஒருவர் போன வருஷம் 2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். விலை 4,10,000. மீட்டரில் 48,000 கிலோமீட்டர். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடியது என்று சொன்னார்களாம். (எங்கள் ஊரில் விற்பனைக்கு வரும் கார்களைப் பார்த்தால் டாக்டர்களைத் தவிர வேறு யாருமே கார் வாங்குவதில்லை என்று தோன்றும்.) இவர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கணக்கு வாத்தியார், அவசரப்படாத ஆள். நாளைக் காலையில் ஆறரை மணிக்கு வருகிறோம், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று என் சார்பில் அவரே சொல்லிவிட்டார்.

முதலில் நான் டயரைத்தான் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். இந்த வண்டியில் நாலு டயரிலும் 3117. அதாவது 2017ஆம் வருஷம் 31ஆவது வாரம் செய்த டயர். டயர் பழசு, மாற்ற வேண்டும் என்பது ஒரு விஷயம். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 2015இல் வாங்கிய வண்டி இரண்டு வருஷம் சொச்சத்தில் நாலு டயரையும் தின்று தீர்த்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய்வந்தால் டயர் அப்படித் தேயாது. ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அது 2015 டயர், வண்டியோடு வந்தது.

சரி என்று பிரேக் பெடல் ரப்பரைப் பார்த்தேன். வலது ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் மட்டும் பளபளத்தது. பானட்டைத் திறந்தபோது பேட்டரிக்குப் பக்கத்தில் ஒயரில் கட்டிய அட்டை ஒன்று எண்ணெய்க் கறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. எந்த ஒர்க்‌ஷாப் என்று தெரியவில்லை, எழுத்து அழிந்திருந்தது. ஆனால் ‘அடுத்த ஆயில் 1,02,000’ என்று பேனாவில் எழுதியது மட்டும் தெளிவாக இருந்தது. மீட்டரைக் குறைத்த புண்ணியவான் இந்த அட்டையை மறந்துவிட்டார்.

வாத்தியார் வண்டி வேண்டாம் என்றுதான் கிளம்பினார். நான்தான் நில்லுங்கள் என்றேன். லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டி பாவம் ஒன்றும் செய்யவில்லை. காலாகாலத்தில் ஆயில் மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் இன்னும் ஓடும். அறுந்தால் எஞ்சினையே கெடுக்கும் டைமிங் பெல்ட் இந்த எஞ்சினில் கிடையாது, செயின்தான். பொய் சொன்னது மீட்டர், எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்போம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

காலை நேரத்தைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். பழைய எஞ்சினின் குறைகள் குளிர்ந்திருக்கும்போதுதான் வெளியே தெரியும். பேட்டரி வீக்காக இருந்தால், டீசல் எஞ்சினை ஸ்டார்ட்டுக்குச் சூடாக்கும் க்ளோ பிளக் போயிருந்தால், இன்ஜெக்டர் சரியில்லை என்றால், செயின் தளர்ந்திருந்தால் முதல் ஸ்டார்ட்டில் காட்டிக்கொடுத்துவிடும். சூடான எஞ்சினில் பாதி மறைந்துபோகும். நீங்கள் போகும்போது பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகைக்குழாய்ப் பக்கம் போய் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுசாக எரியவில்லை, இன்ஜெக்டர் அல்லது காற்றுப் போகும் வழியில் கோளாறு. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை வருவது சகஜம். எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளை வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம். அப்புறம் ஆயில் ஊற்றும் மூடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருகி எடுத்து, அதே வாயின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே இருந்தால் நல்லது. மூடியைத் தூக்கித் தள்ளி, உள்ளேயிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டிவரும். மூடியின் உள்பக்கம் வெளிறிய பசை அப்பியிருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது. காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் விற்பவர் யாருக்கும் இது பிடிக்காது.

வாத்தியார் பார்த்த வண்டியில் மூடி நடுங்கியதோடு சரி. புகையும் இல்லை. எஞ்சின் பாஸ்.

பிறகு ஓட்டினோம். கன்சல்டிங் இருக்கும் தெருவைச் சுற்றி வருவதற்குப் பெயர் ஓட்டிப் பார்ப்பது இல்லை. நான் எப்போதும் நான்குவழிச் சாலைக்குக் கொண்டுபோய் ரெட்டியார்பட்டி மலை ஏற்றத்தில் பெரிய கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்துவேன். எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. இதில் நழுவியது. திரும்பி வரும்போது கிராமச் சாலையில் இறக்கி வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினேன். முன்பக்கம் இடதில் டக்கு, வலதில் டொக்கு. முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு இரண்டும் போயிருந்தன. ஏ.சி. போட்டால் முதல் ஐந்து நிமிஷம் குளிர்ந்து அப்புறம் மந்தமாகியது. கேஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார் விற்ற தம்பி. கேஸ் தானாகத் தீர்வதில்லை, எங்கோ கசிகிறது. அது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் என்றால் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். பொருள் விலையை விடக் கூலி கூடுதலாகும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து ராம்ப்பில் ஏற்றிப் பார்த்த பிறகு நான் எழுதிக் கொடுத்த தாள் இது. டயர் நாலு, 18,000. கிளட்ச் செட் கூலியோடு 15,000. முன் சஸ்பென்ஷன் வேலை 13,000. ஏ.சி. காயில் 9,000. பேட்டரி 5,000. ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றி ஒரு முழு சர்வீஸ் 7,000. கூட்டினால் 67,000. இது எங்கள் ஊர்க் கூலி. சென்னையில் கூடும், கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னும் கூடும்.

வாத்தியார் தாளை எடுத்துக்கொண்டு கன்சல்டிங்கில் போய் உட்கார்ந்தார். ஆயில் அட்டையையும் காட்டினார். சத்தம் போடவில்லை, பேரம்கூடப் பேசவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மீட்டரைப் பற்றி எனக்குத் தெரியும், தாளில் இருப்பதெல்லாம் நான் செய்தாக வேண்டியவை, எவ்வளவுக்குத் தருவீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். 3,60,000க்கு முடிந்தது. ரிப்பேரோடு சேர்த்து அவருக்கு 4,27,000 ஆனது. சொன்ன விலைக்கே வாங்கியிருந்தால் ஆறு மாசத்தில் 4,77,000 வந்திருக்கும், அதுவும் ஒவ்வொன்றாக நடுவழியில் நின்று நின்று. வண்டி இப்போதும் ஓடுகிறது.

வாத்தியார் மாதிரி எல்லோரும் இருப்பதில்லை. நான் பார்த்தவரை, வாங்க வருபவர்கள் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறார்கள், ஓட வேண்டிய இடத்தில் நின்று சிரிக்கிறார்கள். பம்பரில் கோடு, கதவில் சின்ன நசுங்கல், சீட் கவர் கிழிசல், மங்கிய ஹெட்லைட், டேஷ்போர்டில் கிரீச் சத்தம், டாப்பெட் கவரில் லேசான ஆயில் கசிவு, இதெல்லாம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரத்துக்குள் முடியும். இவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர வண்டியைத் தள்ள வேண்டாம். ஆனால் புது சீட் கவர், புது பெயின்ட், பெரிய டச் ஸ்கிரீன் போட்ட வண்டியைப் பார்த்தால் மயங்கிவிடுகிறார்கள். விற்பதற்கு முந்தின வாரம் பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது. பட்டி டிங்கரிங் பார்த்ததற்குக் கீழே என்ன இருக்கிறது?

அதைக் கண்டுபிடிக்க இப்போது பெயின்ட் கனம் அளக்கும் கருவி வந்துவிட்டது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். மறுபடி அடித்த இடத்தில் அதற்கு இரண்டு பங்கு காட்டும். பட்டி வைத்த இடத்தில் எண் எங்கோ ஏறிவிடும். கருவி இல்லாவிட்டால் பானட்டைத் தூக்கி, முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடான ஃபெண்டரின் போல்ட்டுத் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, ஏதோ ஒரு காரணத்துக்காகக் கழற்றியிருக்கிறார்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்துப் பாருங்கள். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருக்கும். அந்த வரிசை கலைந்திருந்தால், அல்லது வழுவழுவென்று மூடியிருந்தால், பில்லரை, அதாவது கூரையைத் தாங்கும் தூணை, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பம்பர், ஃபெண்டர், கதவு மாற்றிய வண்டியை வாங்கலாம். அதெல்லாம் போல்ட்டில் மாட்டுவது. பில்லரும் சேஸிஸும் தொட்ட வண்டியை எந்த விலைக்கும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சந்தேகமாக இருந்தால் வீல் அலைன்மெண்ட் கடைக்குக் கொண்டுபோய்ச் சில நூறு ரூபாய் கொடுத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் எண் எவ்வளவு திருகினாலும் சரிக்கு வராவிட்டால் உடம்பே வளைந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி ஜங்ஷன் வரை வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சென்னையில் மிக்ஜாம் புயல். அந்த டிசம்பரில் முழுகிய கார்கள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் அதை முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் வண்டி காயலான் கடைக்கே போய்விடும் என்று அர்த்தமில்லை. ஏலத்தில் எடுத்துக் கழுவிக் காயவைத்து ஊர் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் முழுகியது இங்கே வரும், இங்கே முழுகியது வேறு எங்காவது போகும்.

முழுகிய வண்டியைக் கண்டுபிடிக்க நான் முதலில் செய்வது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பது. சும்மா மாட்டிப் பார்க்கிற அளவுக்கு இல்லை, உருளையில் இனி சுற்று இல்லை என்கிற வரை. அந்த உருளை பில்லரின் அடியில் இருக்கிறது. சீட்டைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம், ஆனால் உருளைக்குள் சுற்றிக் கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தை யாரும் வெளியே இழுத்துக் கழுவுவதில்லை. கடந்த வருஷம் இப்படி ஒரு வெள்ளை செடானில் இழுத்தேன். மேல்பகுதி கறுகறுவென்று புதுசாக இருந்தது. கடைசிப் பகுதி வந்தபோது பட்டையின் குறுக்கே ஒரு கோடு. அதற்கு அப்பால் பெல்ட் செம்மண் நிறத்தில் விறைப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. விற்பவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘காபி கொட்டியிருக்கும் அண்ணாச்சி’ என்றார். பில்லருக்குள் போய்க் காபி குடித்தவர் யார் என்று நான் கேட்கவில்லை.

இதுபோக, முன்சீட்டின் அடியில் இருக்கும் தண்டவாளக் கம்பியில் துரு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் படிந்த கோடு, கதவை அடைத்து ஏ.சி. போட்டதும் எழும் முடை, இவை எல்லாம் அடையாளம். வாசனை திரவியம் தூக்கலாக அடித்த வண்டியில் இறங்கி வெளியே வந்து மூக்கைத் தெளிவாக்கிக்கொண்டு மறுபடி ஏறுங்கள். முழுகிய வண்டியின் ஆபத்து என்னவென்றால் அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். ஒயர் கனெக்டர்களின் உள்ளே செம்பு மெல்ல மெல்லப் பச்சை பூக்கும். ஒரு நாள் பவர் விண்டோ, இன்னொரு நாள் மீட்டர், பிறகு ஏர்பேக் விளக்கு. இதற்கு மட்டும் என்னால் ரிப்பேர் கணக்கு எழுத முடியாது, ஏனென்றால் முடிவே கிடையாது. அந்தத் தாளில் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தைதான் எழுதுவேன்.

விளக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால்தான் பெரிய கோளாறு. விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது இன்னொரு விளக்கின் ஒயரோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை விபத்தில் வெடித்த ஏர்பேக்கைப் புதிதாக மாட்டப் பல பத்தாயிரம் ஆகும் என்பதால், வெறும் மூடியை ஒட்டி வைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். ஸ்கேனர் போட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்கேனரில் ஒரு கோளாறும் காட்டாத பழைய காரையும் நான் அப்படியே நம்புவதில்லை. நீங்கள் வருவதற்கு அரை மணி முன்பு பழைய பதிவுகளை அழித்திருக்கலாம். அழித்திருந்தால் வண்டியின் சுயபரிசோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று நிற்கும், அதையும் ஸ்கேனரில் பார்க்கலாம். நல்ல ஓட்டம் ஒன்று ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்.

மாடலுக்கு மாடல் கேட்க வேண்டியதும் மாறும். டஸ்டர் டீசல், போலோ டீசல் போன்றவற்றில் டைமிங் பெல்ட். அது எப்போது மாற்றியது என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவைத் தாளில் சேர்த்துவிடுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் என்றால் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து தீர நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். டவுனுக்குள்ளேயே ஓடிய, குறைந்த கிலோமீட்டர் டீசல் வண்டிதான் இதில் மோசம். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மாறும்போது உதறினால் எண்ணெய் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்தந்தப் பெட்டியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். டி போர்டில் வாடகைக்கு ஓடி, பிறகு ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி ஆனவையும் வருகின்றன, பழைய ஆர்.சி. விவரத்தைக் கேட்டால் தெரிந்துவிடும்.

விலை குறைவு என்று பதின்மூன்று, பதினான்கு வருஷ வண்டிகளைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினைந்து வருஷம் முடிந்ததும் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. அதற்கெல்லாம் மேல், எஃப்.சி.க்கு நிறுத்தும் முன் தரை ஓட்டைகளுக்கு வெல்டிங், பெயின்ட், புகை, பிரேக், லைட் என்று செய்கிற வேலைதான் பெரிய செலவு. ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு அடுத்த வருஷமே அரை லட்சம் எடுத்துவைக்கத் தயாராக இருந்தால் வாங்குங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். வண்டி பார்த்துச் சொன்னதற்கு மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தெரிந்தவர்தானே, வண்டி வாங்கினால் சர்வீஸுக்கு அவரிடம்தானே வரப்போகிறோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் கன்சல்டிங்கில் அப்படி இல்லை. வண்டி முடிந்தால் கூட வந்த மெக்கானிக்குக்கு ஒரு தொகை உண்டு. சிலர் வெளிப்படையாகவே சட்டைப் பையில் வைப்பார்கள். வாங்குபவர் ஒன்றும் தரவில்லை, விற்பவர் தருகிறார் என்றால் மெக்கானிக் யாருடைய ஆள்? எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் வாங்குகிறார்கள் என்று சொல்லவில்லை. அந்த நிலைமையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். நான்கு லட்ச ரூபாய்க் காரில் இது ஒரு டயரின் பாதி விலைகூட இல்லை. காசு கொடுத்தால் அரை நாள் கேட்கலாம், ராம்ப்பில் ஏற்றச் சொல்லலாம், எழுதித் தரச் சொல்லலாம். இலவசமாகக் கேட்டால் பத்து நிமிஷமும் டீயும்தான்.

இணையத்தில் விற்கும் கம்பெனிகள் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைச் சோதித்ததாக அறிக்கை தருகின்றன. ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. ஆனால் சஸ்பென்ஷன் ‘சுமார்’, கிளட்ச் ‘சுமார்’ என்று போட்டிருப்பதை வைத்து யார் என்ன செய்வது? சுமாருக்கு எத்தனை ரூபாய்? அந்த அறிக்கையை உங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து, சுமார் என்று இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் தொகை எழுதச் சொல்லுங்கள்.

பழைய வண்டி விற்பவர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வண்டி விற்பவர் கையில் நிற்கும்போது விபத்தோ குற்றமோ நடந்தால் பொறுப்பு யாருக்கு என்பதற்கு அது நல்ல விதி. அதே அங்கீகாரத்தோடு இன்னொன்றும் சேர்க்கலாம். விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். டயர் எந்த வருஷம், எந்தெந்தப் பாகம் மாற்றியது, எங்கே மோதியது, தண்ணீரில் நின்றதா, மீட்டர் மாற்றியதா, என்ன வேலை பாக்கி. கையெழுத்து, தேதி. பொய் எழுதினால் நுகர்வோர் நீதிமன்றத்தில் அந்தத் தாளே சாட்சி. நேர்மையாகத் தொழில் செய்யும் கன்சல்டிங்காரர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள், இப்போதே வாயால் சொல்வதைத்தான் எழுதப்போகிறார்கள்.

அரசு செய்யும்போது செய்யட்டும். உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை பழைய கார் பற்றிக் கட்டுரை போடும்போது கால் பக்கத்துக்கு ஒரு வெற்றுப் படிவம் அச்சிடுங்கள். இடது பக்கம் டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன், ஏ.சி., எஞ்சின், பாடி, எலெக்ட்ரிக்கல் என்று வரிசை. எதிரே மூன்று கட்டம்: உடனே, ஆறு மாசத்தில், ஒரு வருஷம் தாங்கும். கடைசியில் ரூபாய், கூட்டுத்தொகை. வாசகர்கள் கத்தரித்து எடுத்துக்கொண்டு வரட்டும், நாங்கள் நிரப்பிக் கொடுக்கிறோம். படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று நானே ஒரு தாளில் கோடு போட்டு இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் மோசம், மன்னிக்கவும்.

என் பெயரைப் போட வேண்டாம். கன்சல்டிங் வண்டிகளுக்கு சர்வீஸ் பார்ப்பதும் நான்தான்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
பாளையங்கோட்டை.